கன்னம், தாடை, கழுத்து

லிஃப்ட் என்னிடம் சவரக்கத்தி பிடிக்கக் கற்றுக்கொடு என்று கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு நின்றதும் பயம் வந்தது.

லிஃப்ட் என்பது அவன் பெயரில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் பாதி வழியில் நின்றுபோகும் பெட்டிகளை மறுபடி ஓட வைக்கிறவன். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம் என்பதால் அவனுக்குப் பட்டப்பெயர் வைக்கும் உரிமை எனக்கு உண்டு. நான் வைத்தது ஒட்டிக்கொண்டது. அவன் மனைவியைத் தவிர எல்லோரும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் நிற்பவன். நாள் முழுக்கக் கத்தியோடுதான் குடித்தனம். அதனால்தானோ என்னவோ, கடையில் விற்கிற பிளாஸ்டிக் ரேசர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. அவை பட்டாலே என் கழுத்து சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துவிடும். பல வருடங்களாக மடக்குக் கத்தியில்தான் முகம் வழிக்கிறேன். சலூனில் வைத்திருக்கிற, பிளேடு மாற்றுகிற கத்தி இல்லை இது. முழுக்க எஃகு. நாமே கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். லிஃப்ட் இதற்காக என்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை. கசாப்புக் கடை திறந்தாச்சா என்பான். அப்பேர்ப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, குளியலறை வாசலில் சாய்ந்து நின்று நான் சவரம் செய்வதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, எனக்கும் கற்றுக்கொடு என்றான்.

எதற்கு என்று கேட்டேன்.

"காலைல இதைக் கழுத்துல வைக்கணும்னா, முந்தின நாள் ராத்திரி வாயில எதையும் வைக்க முடியாதுல்ல," என்றான்.

அதற்கு மேல் சிரிக்க என்ன இருக்கிறது? லிஃப்ட் குடிக்கிறவன். குடித்தவன் என்று சொல்ல வேண்டும், ஆனால் அப்படிச் சொல்லவும் பயமாக இருக்கிறது. நிறுத்திச் சில மாதங்கள்தான் ஆகின்றன. இதற்கு முன்பும் நிறுத்தியிருக்கிறான். நிறுத்துவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. போன தடவை அவன் நிறுத்தியபோது முதலில் நம்பியவன் நான். முதலில் ஏமாந்தவனும் நான்தான். இந்த முறை அவனுக்கு ஒரு காவல் வேண்டியிருந்தது. தினமும் காலையில் கழுத்தில் கத்தி வைத்து 'நேற்று குடித்தாயா' என்று கேட்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் அவனாகவே இருக்க வேண்டும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் குடித்துவிட்டு, வீம்புக்குக் கத்தியை எடுத்தால் என்ன ஆகும் என்ற ஒன்றைத் தவிர.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உன்னை நான் நம்பவில்லை என்று அர்த்தம். முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்கலாம் என்றேன். அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டான். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உங்களுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்றாள். எனக்கும் அதுதான் தெரியவில்லை.

மறுநாள் அவன் மனைவி அச்சகத்துக்கு போன் செய்தாள். அவள் ஒரு மருந்துக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள். கல்யாணமான புதிதிலிருந்து என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் வேறு ஊரில் இருக்கிறான். உள்ளூரில் திட்டுவதற்கும் அழுவதற்கும் நான்தான். மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள் என்றாள். சொன்னால் ஏன் என்று அவனுக்குப் புரிந்துவிடுமே என்றேன். கடையில் யாரோ மாத்திரை கேட்டார்கள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"இன்னொரு தடவ அவரு குடிச்சாருன்னா நான் பாப்பாவ கூட்டிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்ணா. இது மிரட்டல் இல்ல. நான் போயிடலாம். நான் போனப்புறம் அவரு என்ன ஆவாருன்னு நெனச்சுத்தான் பயமா இருக்கு."

போனை வைத்துவிட்டு மெஷினுக்கு வந்தேன். எங்கள் வெட்டும் மெஷினில் இரண்டு பொத்தான்கள் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். ஒரு கையை உள்ளே விட்டுக்கொண்டு இன்னொரு கையால் அழுத்த முடியாது. மனிதனை நம்பாமல் செய்துவைத்த ஏற்பாடு, எத்தனையோ விரல்களைக் காப்பாற்றியிருக்கிறது. சவரக்கத்தியில் அந்த மாதிரி எதுவும் கிடையாது. அன்று முழுவதும் நான் வெட்டிய தாள்களில் பாதி கோணல்.

ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னிடமிருந்த இரண்டாவது கத்தி, தோல்வார், பிரஷ், படிகாரக் கட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மகள் பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாளை விரித்துக் கடை போட்டேன். அவன் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். வந்து உட்காரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

முதல் பாடம் கத்தியைப் பற்றியது. வாயைத் திறந்தால் எனக்கு மூட வராது. இந்த முனை கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது, தரையில் விழுந்தால் போச்சு, குழாயில் இடித்தால் போச்சு, ஈரத்தோடு வைத்தால் துருப்பிடித்துப் போச்சு. கண்ணாடி டம்ளர் விளிம்பில் ஒரே ஒரு தடவை இழுத்தால் அன்றோடு கூர் செத்தது. புதிதாகத் தீட்டுவதற்கு முன்னால் பழைய முனையைச் சாகடிக்க நானே அப்படித்தான் செய்வேன். பிறகு தோல்வாரைக் கதவுக் கொண்டியில் மாட்டி இழுத்துக் காட்டினேன். கத்தியின் முதுகு, அதாவது தடித்த பக்கம், முன்னால் போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும். கூரின் மேல் புரட்டினால் வாரும் போச்சு, கத்தியும் போச்சு. லிஃப்ட் சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டே கேட்டான். அவ்வளவு கவனமாக அவன் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

முகத்துக்கு முன்னால் பலூன். சவரம் கற்றுக்கொள்கிறவர்கள் ஊதின பலூனில் நுரை பூசி அதைத்தான் முதலில் வழிப்பார்கள். மகளின் பிறந்தநாளுக்கு வாங்கி மிச்சமிருந்த மஞ்சள் பலூன் ஒன்று கிடைத்தது. அதை அவன் மடியில் அணைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு வழித்தான். படுக்கவைத்துப் பிடி, அழுத்தாதே, கத்தியின் எடையே போதும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். முக்கால்வாசி நன்றாக வந்தது. பிறகு வெடித்தது. அவன் மனைவி ஓடிவந்தாள். வெள்ளை நுரை அவன் முகத்திலும் சட்டையிலும் என் கண்ணாடியிலும் தெறித்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அவன் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் தினமும் வேலைக்குப் போகிற வழியில் அவன் வீட்டில் இறங்கினேன். கத்தியை நானே கொண்டுபோய், முடிந்ததும் நானே எடுத்துப்போனேன். முதல் வாரம் கன்னம் மட்டும். வெந்நீர்த் துணியை முகத்தில் வைத்து ஊறவிட வேண்டும், பிரஷ்ஷால் நுரையை வட்டம் வட்டமாக ஏற்ற வேண்டும், இடது கையால் தோலை மேலே இழுத்துப் பிடித்து, முடி வளர்கிற திசையில் சின்னச் சின்னதாக இறக்க வேண்டும். அவனைக் 'கழுத்தறுப்பு' என்று எத்தனையோ முறை நான் திட்டியிருக்கிறேன். இப்போது அந்த வார்த்தையை நினைக்கவே நடுக்கமாக இருந்தது. கன்னத்திலிருந்து தாடைக்கு வந்தோம். தாடை எலும்பு வளைகிற இடத்தில் எல்லோருக்கும் கத்தி தடுமாறும். அவனுக்கும் தடுமாறியது, ஒரு பொட்டு ரத்தம் வந்தது. படிகாரத்தை நனைத்து வைத்ததும் நின்றுவிட்டது. அவன் மனைவி அன்று வேலைக்கே தாமதமாகப் போனாளாம்.

தினமும் நான் அவன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, கத்தி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். நன்றாகக் குனிவேன். அவன் வாயருகே என் மூக்கு வரும் வரைக்கும். சோப்பு, பற்பசை, சில நாள் வெங்காயம். வேறு எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு ஒரு பெருமூச்சு வரும். அது அவன் கன்னத்தில் படாமல் பார்த்துக்கொள்வேன்.

கழுத்துக்கு வந்த முதல் நாள், அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியில் தெரிந்த என்னைப் பார்த்து மெல்லச் சொன்னான். "நீ சாய்வு பாக்கலடா. மோந்து பாக்குற."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.  அவன் கோபப்படவில்லை. பாதி நுரையும் பாதி முகமுமாக நின்று, "கத்திய இங்கேயே வச்சிட்டுப் போ. காலைல நான் தனியா பண்ணிக்கிறேன். இல்லன்னா எனக்கு வேண்டாம்" என்றான். கத்தியைத் துடைத்து, மடித்து, குளியலறை அலமாரியில் மகளின் கைக்கு எட்டாத மேல் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். அவன் மனைவி சமையலறையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் செருப்பைப் போட்டேன்.

அந்த வாரம் எனக்குத் தூக்கமே சரியில்லை. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிற மாதிரி இருந்தது. போன் அடித்தால் பதறினேன், அடிக்காவிட்டால் அதைவிடப் பதறினேன். போனில் வந்ததெல்லாம் லிஃப்டின் புகார்தான். கத்தி இழுக்கிறது, முடியைப் பிடுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது என்றான். வாரில் தப்பாக இழுத்திருப்பாய், கூரின் மேல் புரட்டியிருப்பாய் என்று திட்டினேன். இல்லையென்றான். ஞாயிற்றுக்கிழமை கல்லோடு போய் முதலிலிருந்து தீட்டிக் கொடுத்தேன். கை முடி பட்டாலே உதிர்கிற கூர். திங்கள் காலை அருமையாக இருந்தது என்றான். செவ்வாய்க்கிழமை மறுபடி இழுக்கிறது என்றான். புதன்கிழமை அவன் போன் செய்யவே இல்லை.

வெட்டும் மெஷின் முன் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல கத்தி இரண்டு நாளில் இப்படிப் போகாது. வாரில் கெடுப்பதற்குக்கூடக் கை விடாமல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கை ஏன் ஆடும்? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அதை அவனிடம் கேட்க தைரியமில்லை. அவன் மனைவிக்கு போன் செய்து, கத்தி மழுங்குவதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், அவன் கையில் நடுக்கம் ஏதாவது பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன். தெரியலண்ணா என்றாள். அவள் குரல் மாறிவிட்டதை நான் கவனித்தேன். கவனித்தும் என்ன, கேட்டது கேட்டதுதான். சந்தேகத்தை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு நான் வேலையைப் பார்க்கப் போனேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, முதல் கட்டுத் தாளை வெட்டுவதற்குள் போன் வந்தது.

"அறுத்துக்கிட்டாரு, அண்ணா," என்றாள்.

 எங்கே, எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரி என்று ஒரே மூச்சில் கேட்டேன். அவள் சொன்னாள்: தாடைக்குக் கீழே, காதிலிருந்து பாதிக் கழுத்து வரைக்கும். ஆழமில்லை, தோல்தான். தெருமுனை கிளினிக்கில் தையல் போட்டு வீட்டுக்கு வந்தாகிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் பயம் போய் அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. குடித்திருந்தானா என்றேன். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளிக்கிற மருந்தை நிறைய ஊற்றிக் கொப்பளித்தாராம், அந்த வாசனைதான் வருகிறது, அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை, கை மட்டும் கிடுகிடுவென்று ஆடுகிறது என்றாள்.

"நீங்களே நடுக்கம் இருக்கான்னு கேட்டீங்கல்ல. நான் கிளம்புறேன்ணா. பாப்பா ஸ்கூல் விட்டதும் பஸ்."

லீவு சொல்லிவிட்டு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அவனைத் திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கினேன். நல்ல நல்ல வார்த்தைகளாகக் கிடைத்தன. ஒரு கத்தியைக் கொடுத்து நம்பினேனே, மானம் கெட்டவனே, அந்தப் பெண்ணையும் குழந்தையையும் தெருவில் நிறுத்திவிட்டாயே. கண்ணில் தண்ணீர் வந்தது. அது கோபத்தால் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லிஃப்ட் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தான். கழுத்தில் பெரிய கட்டு, பனியனில் காய்ந்த ரத்தம். ஒரு பக்கக் கன்னத்தில் நுரை உலர்ந்து வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது, யாரும் துடைக்கவில்லை. உள்ளறையில் பீரோவைத் திறந்து மூடுகிற சத்தம். நான் நேரே அவன் முன்னால் போய்க் குனிந்தேன். என்னையறியாமல் குனிந்தேன்.

"மோந்து பாத்துட்டியா?" என்றான்.

புதினா வாசனை. அவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் கைகளை மேசைமேல் விரித்து வைத்திருந்தான், விரல்கள் ஆடின.  கத்தியை எடுத்துக்கொண்டு போகிறேன், இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று மட்டும் சொல்லிக் குளியலறைக்குள் போனேன்.

கத்தி தொட்டியில் கிடந்தது. கழுவினேன், ஜன்னலருகே கொண்டுபோய்த் துடைத்தேன். பழக்க தோஷம், வெளிச்சத்தில் கூரைப் பிடித்துப் பார்த்தேன். நல்ல கூருக்கு வெளிச்சம் படாது. அது ஒன்றுமே இல்லாத மாதிரி இருட்டாகத் தெரியும். மழுங்கினால்தான் அங்கே மினுக்கும். இந்தக் கத்தியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, வெள்ளி நூல் ஒட்டின மாதிரி, ஒரே சீராக ஒரு கோடு மினுங்கியது. ஆடுகிற கையால் இவ்வளவு சீராகக் கெடுக்க முடியாது. வாரில் தப்பாக இழுத்தால் அங்கங்கே கெடும். இது நானே செய்கிற காரியம். இது கண்ணாடி டம்ளர் விளிம்பு.

 கத்தியோடு வெளியே வந்து, இதை யார் கண்ணாடியில் இழுத்தது என்று கேட்டேன். லிஃப்ட் விளங்காமல் என்னைப் பார்த்தான். உள்ளறையில் பீரோ சத்தம் நின்றது. அவள் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் மகளின் பள்ளிக்கூட ஸ்வெட்டர் பாதி மடித்தபடி இருந்தது.

"நான்தான்," என்றாள். "அவரு நல்லா இருக்குன்னு சொன்ன அன்னிக்கு ராத்திரி. ஒரு தடவ, டம்ளர் விளிம்புல. நீங்கதான சொன்னீங்க, அப்படிப் பண்ணா கூர் செத்துடும்னு. மழுங்கிப்போனா வெட்டாதுன்னு நெனச்சேன்."

அவள் நினைத்ததில் தப்பென்ன இருக்கிறது? கத்தியோடு பழகாத யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். கூரான கத்தி தன் எடையில் தானே இறங்கும், கை சும்மா கூடவே போனால் போதும். மழுங்கின கத்தி முடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிடிக்கிறவன் அழுத்துவான், இன்னும் சாய்ப்பான், அது திடீரென்று விடுபட்டு வழுக்கும். வழுக்குகிற கத்திக்கு முன்னால் இருப்பது கழுத்து. இதை நான் அவளுக்குச் சொன்னேன். எப்படி மென்மையாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, இருப்பதை அப்படியே சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது. ஸ்வெட்டரோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

லிஃப்ட் அவளைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டு வாரமா என் கைதான்னு நெனச்சேன்," என்றான். "குடிக்காமயே கை போயிடுச்சு, இனிமே இது சரியாகாதுன்னு நெனச்சேன். நேத்து வேலை முடிஞ்சு அந்தக் கடை வாசல் வரைக்கும் போயிட்டேன். போனதுதான் போச்சு, இனிமே எதுக்கு நிறுத்தணும்னு. கொஞ்ச நேரம் நின்னேன். உள்ள போகல."

உள்ளே போகவில்லை என்று அவன் சொல்கிறான். அதற்குச் சாட்சி கிடையாது. கழுத்தில் இருக்கிற காயம் ஒன்றையும் சொல்லாது, கை நடுக்கம் ரத்தத்தைப் பார்த்ததாலும் வரும், வாயில் புதினா வாசனை. பழைய லிஃப்டும் இதே மேசையில் உட்கார்ந்து இதே மாதிரி சத்தியமாகச் சொல்லியிருக்கிறான். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். நம்ப வேண்டியது அவள்தான். நான் வீட்டுக்குப் போய்விடுவேன். கூட இருக்கப்போகிறவள் அவள்.

அவள் எழுந்தாள். துணியை நனைத்துக்கொண்டு வந்து, அவன் கன்னத்தில் காய்ந்திருந்த நுரையைத் துடைத்தாள். கழுத்துக் கட்டின் மேல் தண்ணீர் படாமல், மெதுவாக, ஓரம் ஓரமாக.  பிறகு உள்ளே போய்ப் பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து பீரோவில் வைத்தாள். ஸ்வெட்டரை மட்டும் கதவுக்குப் பின்னால் மாட்டினாள், மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமே.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் கத்தியோடு வீட்டுக்கு வந்தேன். என் புத்தி அவ்வளவுதான். தையல் பிரித்த பிறகு, ஒரு சனிக்கிழமை அவள் போன் செய்து, நாளைக் காலையில் கத்தியையும் கல்லையும் எடுத்துக்கொண்டு வரமுடியுமா என்றாள்.  அவனே கத்தியை விட்டுவிட்டான் என்றல்லவா நினைத்தேன், மறுபடி எதற்கு என்றேன். அவரு விட்டுட்டாரு, நான்தான் கேட்கிறேன் என்றாள்.

போனேன். மேசைமேல் கல்லை வைத்துத் தண்ணீர் விட்டு, கத்தியைத் தீட்ட ஆரம்பித்தேன். இந்த முறை அவள் சமையலறை வாசலில் நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பழக்கமான வேலைதான், ஆனாலும் கை வியர்த்தது. கழுத்தில் புதுத் தழும்போடு ஒருவன் ஜன்னலருகே நிற்கிறான், அவனுக்காக ஒரு கத்தியை எவ்வளவு கூராக்க முடியுமோ அவ்வளவு கூராக்கிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் குறைத்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. தெரிந்த எனக்கே தோன்றியது. போதும் என்று கல்லை எடுக்கப்போனேன்.

"இதுக்கு மேல கூர் வராதாண்ணா?" என்றாள்.

வரும் என்றேன். இன்னும் தீட்டினேன். வாரில் இழுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து அவளுக்குக் காட்டினேன்; அவள் குனிந்து பார்த்துவிட்டு, ஒண்ணும் தெரியலையே என்றாள். அதான் கூர் என்றேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, எழுந்துபோய் அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கத் தயங்கினான். வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போனான். அங்கே நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தான். வருகிறோமா, வாசலில் நிற்கப்போகிறோமா என்று பார்த்தான் போலிருக்கிறது.

"கதவ சாத்திக்கோங்க," என்றாள் அவள்.

கதவு சாத்தப்பட்டது. நாங்கள் இரண்டு பேரும் மேசைக்கு இந்தப்பக்கம் ஒருவர், அந்தப்பக்கம் ஒருவராக உட்கார்ந்திருந்தோம். குழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது. பிரஷ் கிண்ணத்தில் சுற்றுகிற சத்தம். பிறகு முதல் இழுப்பு. நல்ல கத்திக்கென்று ஒரு சத்தம் உண்டு, காய்ந்த இலையைத் தடவுகிற மாதிரி. அது வந்தது. வலது கன்னம். இடது கன்னம். கழுவுகிறான். தாடை. எனக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும், இத்தனை நாள் வாசலில் நின்று பார்த்தவள்தானே. அவள் மேசையிலிருந்த தண்ணீர்த் துளிகளை விரலால் ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கழுத்துக்கு வந்துவிட்டான். சின்ன இழுப்பு. இன்னொன்று. தழும்புப் பக்கம் போகிறான் என்று எனக்குப் புரிந்தது, இழுப்புக்கும் இழுப்புக்கும் இடைவெளி நீண்டது. ஒன்று. பிறகு சத்தம் நின்றது.

அடுத்த இழுப்புக்குக் காத்திருந்தேன். வரவில்லை. குழாய்ச் சத்தமும் இல்லை, கத்தியை வைக்கிற சத்தமும் இல்லை. என்னால் முடியவில்லை. மேசையில் கையை ஊன்றினேன், நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது.

"உக்காருங்கண்ணா," என்றாள் அவள். என்னைப் பார்க்காமல், கதவைப் பார்க்காமல், உதடு மட்டும் அசைய. அவள் முகமெல்லாம் வியர்த்திருந்தது. "நீங்க எந்திரிச்சா அவருக்குக் கேக்கும்."

உட்கார்ந்தேன்.